வசனம் இல்லை, வெசனம் உண்டு

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோவையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்டு விழாப் பந்தல் நின்றுகொண்டே இருக்கும். நிகழ்ச்சியில் ராஜா கதை ஒன்று கட்டாயம் உண்டு. ராஜாவுக்கு வசனம், மந்திரிக்கு வசனம், புலவருக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான வசனம். சிம்மாசனத்துக்கு இரண்டு பக்கமும் அட்டை ஈட்டியைப் பிடித்தபடி இரண்டு சேவகர்கள். பின்னால் சாமரம் வீச இரண்டு பெண்கள். இந்த நாலு பேருக்கும் வாயைத் திறக்க வேலை இல்லை. ஆனால் வாடகை டிரெஸ்ஸுக்கும் மேக்கப்புக்கும் ராஜா வீட்டில் கட்டிய பணத்தைத்தான் சேவகன் வீட்டிலும் கட்டியிருப்பார்கள்.

நாலாவது வரிசையில் ஓர் அப்பா எழுந்து நின்று செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். "மறைக்குதுங்க சார், உக்காருங்க" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. அவர் காதில் அது விழவில்லை. திரையில் இரண்டு விரலை வைத்து விரிக்கிறார். ராஜா ஓரமாக ஒதுங்கிப் போக, வலது பக்கத்துச் சேவகன் திரை முழுக்க நிறைகிறான். அந்த வீடியோவைப் பொறுத்தவரை நாடகத்தின் கதாநாயகன் சேவகன்தான். ராஜாவின் கை மட்டும் அவ்வப்போது குறுக்கே வந்து தொந்தரவு செய்யும்.

முந்தின நாள் ராத்திரி அந்தப் பையன் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எனக்கு மட்டும் டயலாக்கே தரலை." கொங்குப் பக்கத்து வீடாக இருந்தால், அமுச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே தேற்றுவார்: "வசனம் இல்லீனா வெசனமும் இல்லீல்ல கண்ணு. பேசறவன் மறந்துட்டா முழிப்பான். உனக்கென்ன?"

வெசனம் என்றால் இந்தப் பக்கத்தில் கவலை. அமுச்சியின் சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பேசாமல் மேடையில் நின்று பார்த்தவர்களைக் கேட்டால் அது பாதிதான் சரி என்பார்கள்.

பேசுகிறவருக்குக் கையை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்துவிடும். வசனம் போகிற போக்கில் கையும் போகும். பேசாதவருக்கு அந்த வசதி இல்லை. மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தால் அடிக்க முடியாது. கீழே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கோமாளி செய்கிற சேட்டைக்கு ஊரே சிரிக்கும்போது, அவனுக்கு ஓரடி தள்ளி நிற்கிற காவலாளி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ராஜா பேசும்போது ராஜாவைத்தான் பார்க்க வேண்டும். சேவகன் கொட்டாவி விட்டால் ராஜாவின் கிரீடம் வெறும் ஜிகினாப் பேப்பர் ஆகிவிடும். ராஜா நடந்து வரும்போது முதலில் தலை குனிபவன் சேவகன். அந்தக் குனிவைப் பார்த்த பிறகுதான் 'இவர் ராஜா' என்று சபைக்கே நம்பிக்கை வருகிறது.

பழைய நாடகக் கம்பெனிகளில் வேஷங்களுக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். இந்தப் பட்டியலில் அடங்காத மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: சில்லறை வேஷம். சேவகன், தோழி, தூதன், வழிப்போக்கன், சபையில் உட்கார்ந்து தலையாட்டும் பெரியவர், போரில் விழும் வீரன் எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஒரே ஆள் ஓர் இரவில் நாலு சில்லறை வேஷம் கட்டுவார். முதல் காட்சியில் பாண்டிய நாட்டுக் காவலாளி, மூன்றாம் காட்சியில் சேர நாட்டுக் காவலாளி. தலைப்பாகையின் நிறம் மாறினால் நாடு மாறிவிடும். சுருக்கமான ஏற்பாடு.

பாய்ஸ் கம்பெனி என்று சொல்லப்பட்ட பால சபைகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. பிற்பாடு சொந்தக் கம்பெனி நடத்தி, 1944-ல் ஈரோட்டில் நாடகக் கலைக்காக மாநாடே கூட்டினார்கள். அப்படிப்பட்ட சபைகளில் சேர்ந்த பிள்ளைகள் எல்லோருமே சண்முகம் ஆகிவிடவில்லை. பாட்டு வராத பையன், குரல் உடைந்த பையன், உயரம் போதாத பையன் என்று ஒரு கூட்டம் எப்போதும் பின்வரிசையில் நின்றது. பல பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படுக்க இடமும்தான் சம்பளம். வீட்டில் ஒரு வாய் குறைந்ததே என்று அனுப்பி வைத்த பெற்றோரும் இருந்தார்கள்.

நாடக நோட்டீஸை எடுத்துப் பார்த்தால் இவர்களை ஒரே இடத்தில்தான் காணலாம். ராஜபார்ட்டின் பெயர் கொட்டை எழுத்தில். ஸ்திரீபார்ட் அதற்குக் கீழே. பபூனுக்கு ஒரு பட்டப்பெயரும் சேர்த்து. ஹார்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்களும் உண்டு. கடைசி வரியில் "மற்றும் பலர்". தமிழ் மேடையில் ஆண்டுக் கணக்கில் நடித்தவர்கள் பலருக்கு இதுதான் பெயர். சினிமா வந்த பிறகும் டைட்டிலில் அந்த இரண்டு சொல்லும் அப்படியே கூட வந்துவிட்டன.

சில்லறை வேஷங்களில் மிகக் கடினமானது எது? பிணமாகப் படுத்திருப்பதுதான்.

அரிச்சந்திரா நாடகம் தெரிந்தவர்களுக்கு மயான காண்டம் தெரியும். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்புகிறாள். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் சபை விடாது. 'ஒன்ஸ்மோர்' கேட்கும். சந்திரமதி மறுபடி தொடங்குவாள். மடியில் கிடக்கும் பையனுக்கு ஒன்ஸ்மோர் என்றால் இன்னொரு பத்து நிமிஷம் மூச்சை அடக்கிப் படுத்திருக்க வேண்டும் என்று பொருள். மயான காண்டம் வரும்போது பெரும்பாலும் விடியற்காலை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் வரும் தூக்கம் எப்படிப்பட்டது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். நிஜமாகவே தூங்கிப்போய், புலம்பல் உச்சத்தில் இருக்கும்போது புரண்டு படுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக மேடையேறியது இந்த லோகிதாசன் வேஷத்தில்தான், திருச்சியில். லோகிதாசன் சாவதற்கு முன்னால் பாடலாம். பாகவதர் பாடியதைக் கேட்டவர்கள் அதைத்தான் பேசினார்கள். அதே பையன் கொஞ்ச நேரம் கழித்து அசையாமல் படுத்திருந்ததை யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

கொங்கு நாட்டுக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் இருக்கிறது. பசியும் அவமானமும் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கிணற்றில் போடுகிறாள் நல்லதங்காள். மூத்த பிள்ளைதான் பேசுவான். பசிக்கிறது என்பான், தன்னை விட்டுவிடும்படி கெஞ்சுவான். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக நாடகத்துக்கு வந்தபோது கட்டிய முதல் வேஷம் அந்த மூத்த பையன்தான். அங்கே தொடங்கிய குரல் எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏழு பிள்ளைகளில் ஒன்று சுந்தராம்பாள். மற்ற ஆறு?

அந்த ஆறு பிள்ளைகள் வரிசையாக நிற்காவிட்டால் நல்லதங்காள் கதையே இல்லை. ஒரு பிள்ளையைக் கொன்றவள் என்றால் அது வேறு கதை. ஏழு என்ற எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் பிள்ளை போகும்போது அடுத்தது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பார்வையில்தான் பெண்கள் கூட்டம் முந்தானையை வாயில் பொத்திக்கொள்ளும். ஊர் ஊராகப் போகிற சின்னக் குழுக்கள் இத்தனை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைய முடியுமா? நாடகம் போடுகிற ஊரிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளை இரவல் வாங்கி நிறுத்துவதும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் தன் முறை வந்து, யாரோ ஓர் ஆண் சேலை கட்டிக்கொண்டு தன்னைத் தூக்கிப் படுதாவுக்குப் பின்னால் போட, அங்கே காத்திருக்கும் இன்னொருவர் ஏந்திக்கொண்டு "சத்தம் போடாத சாமி" என்று காதில் சொல்லும் அனுபவம் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்!

மேடையில் இப்படி நின்றவர்களுக்கு, கோவையில் இன்னொரு வாசல் 1930-களில் திறந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ. பிறகு புலியகுளம் பக்கம் பட்சிராஜா ஸ்டூடியோ. சென்னைக்குப் போகாமலேயே சினிமாவில் முகம் காட்டலாம் என்ற நிலை. அன்றைய படங்கள் முக்கால்வாசி ராஜா ராணிக் கதைகள். தர்பார் என்றால் கூட்டம் வேண்டும், போர் என்றால் இன்னும் பெரிய கூட்டம் வேண்டும். நாடகத்தில் 'சில்லறை' என்று சொன்னதை சினிமாவில் 'எக்ஸ்ட்ரா' என்றார்கள். எது மரியாதைக் குறைவு என்று பட்டிமன்றமே வைக்கலாம். சில்லறை என்றாலாவது அதற்கு ஒரு மதிப்பு உண்டு, எண்ணி வாங்குவார்கள். எக்ஸ்ட்ரா என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என்ற பொருள் வந்துவிடுகிறது. துணை நடிகர் என்ற சொல் பின்னால்தான் வந்தது.

1947-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'யில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். 1936-ல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேஷத்தில் தொடங்கியவர். நடுவில் பதினோரு வருஷம். அதே 'ராஜகுமாரி'யில் சண்டை போடும் வேஷத்தில் வந்தவர் கோவை ராமநாதபுரத்துக்காரரான சின்னப்பா. பஞ்சாலையில் வேலை பார்த்து, உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, உடம்பைக் காட்டி வேஷம் வாங்கியவர். 'தேவர் பிலிம்ஸ்' என்ற பெயரில் 1956-ல் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தபோது கதாநாயகன் எம்.ஜி.ஆர்., தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ் 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் ஹோட்டல் சர்வராக வந்து போனார். அடுத்த வருஷம் 'புதிய வார்ப்புகள்' படத்தின் கதாநாயகன்.

இப்படி இன்னும் பத்துப் பேரைச் சொல்லலாம். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். இதில் ஒரு சின்ன அநியாயம் ஒளிந்திருக்கிறது. பின்வரிசையில் நின்றவர் பிற்பாடு முன்வரிசைக்கு வந்தால்தான் அவர் பின்வரிசையில் நின்ற கதையே நம் காதுக்கு வருகிறது. 'ராஜகுமாரி'யில் தேவரோடு சேர்ந்து நின்ற மற்ற ஆட்கள் கடைசிவரை மற்ற ஆட்களாகவே இருந்துவிட்டார்கள். அவர்கள் தோற்றுப்போனவர்களா? காட்சிக்கு முப்பது பேர் தேவை என்றால் முப்பதாவது ஆளும் தேவைதான். அவர் வந்து நின்றார், சொன்ன வேலையைச் செய்தார், கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தக் காட்சி இன்றைக்கும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தில் நின்ற முகத்துக்கு யூடியூப் காலத்தில் ஒரு புது வாழ்வு வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, கோபி பக்கத்து ஊர்களில் சினிமா ஷூட்டிங் நடக்காத கோயிலும் சந்தையும் வாய்க்கால் கரையும் குறைவு. தேர் இழுக்கிற காட்சி, பஞ்சாயத்துக் காட்சி, சந்தைக் காட்சி எல்லாவற்றிலும் உள்ளூர் ஜனங்கள்தான் கூட்டம். வேடிக்கை பார்க்கப் போனவரையே "நீங்களும் நில்லுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். முப்பது, நாற்பது வருஷம் கழித்து ஒரு நாள் பேரன் அந்தப் படத்தைப் பார்க்கிறான். ஆலமரத்தடியில் பஞ்சாயத்து. நாட்டாமை முழங்குகிறார். அவருடைய தோளுக்குப் பின்னால், மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் ஒருவர்.

"அம்மா, இது நம்ம அப்பாருதானே?"

படம் நிறுத்தப்படுகிறது. பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டப்படுகிறது. ஸ்க்ரீன்ஷாட் ஃபேமிலி குரூப்புக்குப் போகிறது. 'அந்தத் துண்டு எங்கிட்ட இன்னும் இருக்குது' என்று அத்தை பதில் போடுகிறார். கல்யாணப் போட்டோவில் விறைப்பாக நிற்கும் அப்பாருவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவர் அசைந்து, திரும்பி, வெட்கப்பட்டதைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. நாட்டாமை என்ன தீர்ப்புச் சொன்னார் என்று அன்றைக்கு அந்தக் குரூப்பில் யாரும் கேட்பதில்லை.

மேடைக்கே திரும்பலாம். நம் கூத்தில் பேசாத ஆள் ஒருவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம், பார்த்ததாக நினைவிருக்காது. தெருக்கூத்தில் முக்கியமான வேஷம் களத்துக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் வேஷக்காரர் ஆடியபடி பாட்டை எடுப்பார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். துரியோதனன் எவ்வளவு பெரியவன் என்ற மிரட்டலை முதலில் உண்டாக்குவது அந்தத் துணிதான். பிடித்திருக்கும் இருவரில் ஒருவர் கொஞ்சம் முன்னால் விலக்கிவிட்டாலும் மிரட்டல் கெட்டுவிடும். ஜப்பானின் கபுகி நாடகத்தில் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய ஆட்கள் மேடையிலேயே நடமாடிப் பொருள்களை எடுத்துக் கொடுப்பார்கள், உடை மாற்ற உதவுவார்கள். கறுப்பு உடுத்தினால் கண்ணுக்குத் தெரியாதவர் என்பது அங்கே சபையோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நம் ஊரில் திரை பிடிக்கிறவர் அழுக்கு வேட்டியோடுதான் நிற்பார். ஒப்பந்தம் என்னவோ அதேதான்.

ஆனால், பேசாத வேஷத்துக்குக் கொங்கு நாட்டில் இருக்கும் மரியாதை வேறு எங்கும் கிடைக்காத ஒன்று. அதைப் பார்க்க அண்ணமார் கதைக்குப் போக வேண்டும்.

பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி. அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள். (கிணற்றில் பிள்ளைகளைப் போட்ட நல்லதங்காள் வேறு, இந்தத் தங்காள் வேறு.) கூடவே நிழலாக நிற்கும் வீரன் சாம்புவன். எதிரே தலையூர்க் காளி. இவர்கள் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவது இங்கே வழக்கம். மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, 1965-ல் இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. 1982-ல் இந்தக் கதையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் வந்தது. இப்போது அத்தனை இரவுகள் உட்கார ஆள் இல்லாத ஊர்களில் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். எதைச் சுருக்கினாலும் கடைசி இரவைச் சுருக்க முடியாது. அது படுகளம்.

சங்கர் தன் வாளாலேயே உயிரை விடுகிறான். தம்பி போன பிறகு பொன்னரும் இருக்கவில்லை. சாம்புவனும் அவர்களோடு மாள்கிறான். பாட்டுக்காரர் இதைப் பாடிக்கொண்டு வரும்போது உடுக்கையின் வேகம் ஏறும். களத்தில் நிற்கிற ஆண்களில் ஒருவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். ஆடுவார். சட்டென்று விழுவார். பக்கத்தில் நிற்பவர்கள் தலை தரையில் மோதாமல் தாங்கிக் கிடத்துவார்கள். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். போர்க்களத்தில் மாண்டவர்கள் அவர்கள். திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது படுகளம் பெரிய அளவில் நடக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஊர் அளவில் நடக்கிறது.

துணிக்கு அடியில் கிடப்பவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. ஒருவர் தறி ஓட்டுகிறவர். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறவர். ஒருவர் நேற்றுச் சாயங்காலம் வரை பால் சொசைட்டியில் வரிசையில் நின்றவர். நாள் கணக்கில் விரதம் இருந்து வந்திருக்கிறார்கள். கூலி கிடையாது. நோட்டீஸில் பெயர் கிடையாது. 'மற்றும் பலர்' என்றுகூடக் கிடையாது. அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் விழுவது, கிடப்பது, எழுவது. பேச ஒரு சொல் இல்லை.

இது நடிப்பா, அருளா என்று கேட்பது ஊருக்கு வெளியே நின்று கேட்கிற கேள்வி. உள்ளே நிற்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. துணிக்கு அடியில் கிடப்பவருடைய பெண்டாட்டி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, துணி மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார். சுற்றிலும் இருக்கிற பாட்டிமார்கள் ஒப்பாரியே வைக்கிறார்கள். கிடப்பது மளிகைக் கடைக்காரர் மகன் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அழுவது பொன்னருக்காகவும் சங்கருக்காகவும்தான். ஆனால் அழ ஓர் உடம்பு தரையில் கிடக்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் இந்த இடத்திலும் செல்போன்கள் உயர்கின்றன. டார்ச் வெளிச்சம் துணியின் மேல் விழுகிறது. துணி விலகிய ஒரு முகத்தை யாரோ பெரிதாக்கிப் பிடிக்கிறார்கள். மறுநாள் அது ரீல்ஸில் வேறு பாட்டோடு வரும். போனைக் கீழே இறக்கச் சொல்லி விழாக் கமிட்டியார் மைக்கில் கத்துவதுண்டு. பள்ளிக்கூடத்தில் சேவகனைப் பெரிதாக்கிய அப்பாவுக்கு அந்தப் பையன் யார் என்று தெரியும். இங்கே போனைப் பிடிப்பவருக்குக் கிடப்பவர் யார் என்று தெரியாது, அவரைக் கேட்கவும் முடியாது. அவர்தான் பிணமாயிற்றே.

தங்காள் வருகிறாள். அண்ணன்மாரைத் தேடி அலைந்து, பெரியகாண்டி அம்மனிடம் வரம் வாங்கித் தீர்த்தத்தோடு வருகிறாள். கதையில் தங்காள் பேசி முடிக்கிற வரைக்கும்தான் மாண்டவர்கள் எழுந்திருப்பார்கள். பிறகு தெய்வமாகிவிடுவார்கள். ஊரில் அந்தக் கணக்கு வேறு. தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க ஒவ்வொருவராக எழுவார்கள். எழுந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதல் ஆள் துணியை விலக்கி எழும்போது குலவைச் சத்தம் கிளம்பும். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் எழாமல் கிடப்பார். தீர்த்தம் இன்னொரு தடவை விழும். உடுக்கை நின்றுவிட்டது போல இருக்கும். ஊர் முழுக்க ஒரே துணியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இத்தனை இரவுகள் பாடிய பாட்டுக்காரர்கூட அந்த நேரத்தில் அவரைத்தான் பார்ப்பார். அமுச்சி சொன்ன வெசனம் அப்போது மொத்தமாக அந்தக் கயிற்றுக்கு வெளியே நிற்கிறது.

கால் விரல் அசைகிறது. பிறகு கை. எழுந்து உட்காருகிறார். முகத்திலும் தலைமுடியிலும் மண். யாரோ பிடித்துக் கயிற்றுக்கு வெளியே கூட்டி வருகிறார்கள். பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொடுக்கிறார். முழுசாகக் குடித்துவிட்டு, கிழக்கே வெளுத்திருப்பதைப் பார்க்கிறார்.

"மணி என்னாச்சு?"

"அஞ்சே காலுங்க."

"மாடு கத்துமே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஆறு மணிக்கு சொசைட்டி வண்டி வந்துவிடும்.